கேட்காமல் விட்ட கிணறு

கணினி நல்ல பதில் சொன்னால் சந்தோஷப்படாத ஜென்மம் ஒன்று உண்டென்றால் அது பிரேமலதாதான். அப்பாவின் கீழக்காட்டில், பஞ்சாயத்து ஆழ்குழாய்ப் போர் போடக் குறித்திருந்த இடத்தில், தண்ணீர் குடிக்கிற மாதிரித்தான் இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அது சொன்னது. வேறு யாராக இருந்தாலும் கணினியை மூடிவிட்டுச் சட்னி அரைக்கப் போயிருப்பார்கள். அவள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மணியாச்சிக்கு டூட்டிக்குப் போக ரயிலைப் பிடிக்க வேண்டிய கணவன் கிருஷ்ணகுமார், அந்த முகத்தைப் பார்த்ததுமே, "நான் ஸ்டேஷன்ல சாப்பிட்டுக்கிடுதேன்" என்று நழுவிவிட்டான்.

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் பிரேமலதா புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறாள். கரிசல் காட்டுக் கிணறுகளில் உப்பு எங்கே எவ்வளவு என்று வரைபடம் போடுவது அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக அவள் எடுத்துக்கொண்ட கணக்கு முறைக்குக் கிரிகிங் என்று பெயர். கிணறே இல்லாத இடத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சுற்றியிருக்கும் கிணறுகளிடம் கேட்டுச் சொல்கிற கணக்கு அது. பக்கத்துக் கிணற்றின் பேச்சுக்கு மதிப்பு அதிகம், தூரத்துக் கிணற்றின் பேச்சுக்குக் குறைவு. ஒரே இடத்தில் நாலு கிணறு நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், நாலும் ஒரே கதையைத்தான் சொல்லும் என்று தெரிந்து, ஏறக்குறைய ஒரு ஆளுக்கு உள்ள மதிப்பைத்தான் நாலுக்கும் பிரித்துக் கொடுக்கும். கடைசியில் பதிலைச் சொல்வதோடு நிற்காமல், அந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றும் சொல்லும். மனிதர்களில் அப்படி யோக்கியமாகப் பேசுகிறவர்கள் எத்தனை பேர்?

ஆனால் யாரிடம் கேட்பது என்பதை மட்டும் அது நம் தலையில் கட்டிவிடும். எத்தனை கிணறு, எவ்வளவு தூரம், எந்தெந்தப் பக்கம் என்று நாம்தான் வட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். வட்டம் ரொம்பச் சின்னதாகிவிட்டால் கோட்டி பிடித்த ஒரே ஒரு கிறுக்குக் கிணறு மொத்தப் பதிலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். ரொம்பப் பெரிதாகிவிட்டால் சம்பந்தமில்லாத ஊர்க்காரர்களெல்லாம் வந்து கருத்துச் சொல்லி, பதில் யாருக்கும் உதவாத சராசரியாகிவிடும்.

அவளுடைய ஊரான அயன்கரிசல்பட்டிக்கு இந்தப் பதில் விளையாட்டு இல்லை. ஊரின் பழைய போர் வற்றிக்கொண்டு வந்தது. முந்தைய தடவை பஞ்சாயத்தில் குத்துமதிப்பாகத் தோண்டின போரில் வாயில் வைக்க முடியாத உப்பு. இப்போது அந்தக் குழாயில் ஆடு கட்டுகிறார்கள். திரும்ப ஒரு போருக்குப் பணம் வந்திருக்கிறது. இதுவும் உப்பாகப் போனால் அந்த ஊரை இனி எந்த அதிகாரியும் திரும்பிப் பார்க்கமாட்டார். தலைவர் நல்லக்கண்ணு, "டீச்சர், ஒங்க கம்ப்யூட்டர் எங்கன சொல்லுதோ அங்கன போடுவோம்" என்று முழுப் பாரத்தையும் அவள் மேல் இறக்கி வைத்துவிட்டுத் திருச்செங்கோட்டு போர் வண்டிக்குச் சொல்லிவிட்டார். அவளுடைய அப்பா ராமசுப்பு தன் கீழக்காட்டில் இடத்தைச் சும்மாவே தருவதாகச் சொல்லி, சீமைக்கருவேலை வெட்டிச் சுத்தம் செய்து, மாப்பிள்ளை வரப்போகிற வீடு மாதிரி வைத்திருந்தார். பஞ்சாயத்தும் இப்போதைக்கு அந்த இடத்தைத்தான் குறித்து வைத்திருந்தது.

கணினி சொன்ன பதில் நல்லதுதான். அதை நம்பலாமா என்று கேட்டால்தான் இழுத்தது. அவள் வழக்கமாகப் பக்கத்திலிருக்கும் ஒரு டஜன் கிணறுகளிடம் கேட்கும்படிதான் வைத்திருந்தாள். அன்றைக்கு வட்டத்தை நாலு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலிருந்தும் மூன்று கிணறுகளையாவது கேட்டே ஆகவேண்டும் என்று மாற்றிப் போட்டாள். கிழக்குத் துண்டில் கேட்பதற்கு யாருமே இல்லை என்று கணினி கையை விரித்தது.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓடைக்கு மேற்கே கிணற்றுப் புள்ளிகள் எள் இறைத்த மாதிரி கிடந்தன. ஓடைக்குக் கிழக்கே ஒரு புள்ளி இல்லை. அங்கே இருப்பது காடோ மலையோ இல்லை, பொம்மக்காபட்டி. மனிதர்கள் இருக்கிற ஊர். அவளுடைய சங்கரம்மாள் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர்.

ஊரைச் சுற்றியுள்ள கிணற்றுத் தண்ணீரெல்லாம் எடுத்து வந்தது அப்பாதான். மகள் ஆராய்ச்சி என்றதும் டி.வி.எஸ். வண்டியில் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு காடு காடாக அலைந்தவர். பொம்மக்காபட்டியில் எல்லாக் கிணறும் மூடிக் கிடக்கிறது என்று அப்போது சொன்னார். அவளும் சரி என்று கேட்டுக்கொண்டாள். துருவிக் கேட்டால் அத்தையின் பேச்சு வரும். அத்தையின் பேச்சு வந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

சங்கரம்மாள் ராமசுப்புவின் ஒரே தங்கை. பள்ளிக்கூட லீவு விட்டால் பிரேமலதா அத்தை வீட்டில்தான் கிடப்பாள். தலையில் எண்ணெயை வழிய வழிய வைத்து, கண் மேலே ஏறுகிற மாதிரி இழுத்துப் பின்னிவிடுகிற அத்தை. அத்தைக்கு ஒரே மகன் சக்திகுமார். இவளுக்கு அவன், அவனுக்கு இவள் என்று இரண்டு ஊரும் தாமாகவே முடிவு செய்து வைத்திருந்தன. பிரேமலதா கிருஷ்ணகுமாரைக் கட்டிக்கொண்டாள். அன்றோடு அத்தை வீட்டுப் போக்குவரத்து நின்றது. "அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்" என்று அத்தை சொன்னதாக ஒருவர் வந்து சொன்னார். "நான் மட்டும் மிதிப்பேனாக்கும்" என்று அப்பா சொன்னதை அதே ஆள் எடுத்துப் போனார். சக்திகுமாரோ திருப்பூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு சௌக்கியமாக இருந்துகொண்டு, பிரேமலதாவுக்கு வாட்ஸ்அப்பில் தினமும் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லுகிறான். சண்டைக்குக் காரணமானவர்கள் இப்படிப் பூ அனுப்பிக்கொண்டிருக்க, சண்டை மட்டும் பெரியவர்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தது.

பிரேமலதா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள்.

ராமசுப்பு வீட்டு முன்னால் களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார். மாசி வெயிலில் களம் முழுக்கச் சிவந்து கிடந்தது. மகளைப் பார்த்ததும் முகம் விரிந்தது.

"என்னம்மா, கம்ப்யூட்டரு நம்ம காட்டுக்குச் சரின்னுட்டுதா?"

"சரின்னுதான் சொல்லுது. எனக்குத்தான் நம்பிக்கை வரல."

"படிச்சவங்களுக்கு இது ஒரு சீக்கு" என்று அவர் சிரித்தார். "நல்லது சொன்னாலும் நம்பமாட்டிய."

"அப்பா, ஓடைக்கு அங்கிட்டு ஒரு கெணறுகூடவா தொறந்து கெடக்கல?"

"அன்னைக்கே சொன்னேனே. மூடிக் கெடக்கு."

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான்." வத்தலைக் காலால் கிளறிவிட ஆரம்பித்தார். கிளற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, அது நன்றாகத்தான் காய்ந்துகொண்டிருந்தது.

அம்மா வெயிலம்மாள் முற்றத்துக்கு வந்தாள். மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். வெயிலம்மாள் வாய்க்குள் வந்த பேச்சை விழுங்கிக்கொண்டு போவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. பிரேமலதா நிழலில் உட்கார்ந்து பேச்சை வேறு பக்கமாகத் தொடங்கினாள்.

"அப்பா, சித்தப்பா மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போனீங்களே, யார் யாருகிட்டக் கேட்டீங்க?"

இது ராமசுப்புவுக்குப் பிடித்த கதை. களத்தை விட்டு வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். "அவன் தெருவுல நாலு பேருகிட்டக் கேட்டேன். நாலு பேரும் தங்கக்கட்டின்னான். அப்பறம் பாத்தா நாலு பேரும் ஒரே சொக்காரனுவ, அவன் பங்காளிய. அது நாலு பேரு சொன்ன கணக்காகுமா? ஒருத்தன் சொன்னதுதான். அதனால ஊருக்கு அங்கிட்டுப் போயி டீக்கடையில கேட்டேன். மேலத்தெருவுல கேட்டேன். எல்லாத்துக்கும் மேல, அவன் வீட்டோட வரப்புத் தகராறு உள்ள வீடு ஒண்ணு இருந்துச்சு. அங்கன போயிக் கேட்டேன்."

"பகைக்கார வீட்டுலயா?"

"பின்ன? அவன்தானம்மா ஒளிக்காமச் சொல்லுவான். பக்கத்துல இருக்கான், எல்லாம் தெரியும், பூசி மெழுக மாட்டான். அவனைக் கேக்காம வந்தா அது என்ன விசாரணை?"

"நான் போடுத கணக்கும் அதேதாம்பா" என்றாள் பிரேமலதா. "ஒங்க காட்டுக்குத் தண்ணி எப்படின்னு கெணறுகள விசாரிக்கேன். மேற்க இருக்க கெணறெல்லாம் நல்லதாச் சொல்லுது. கிழக்க ஒண்ணைக்கூட நான் கேக்கல. கேக்காமலே ஊருக்கு நல்ல பதிலச் சொல்லிட்டு வந்துட்டா?"

அவள் சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று ராமசுப்புவுக்குத் தெரிந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"கெணறு மூடல" என்றார். "தொறந்துதான் கெடக்கு."

அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஓடை வரைக்கும் போனேன். பாட்டிலும் கையில இருந்துச்சு. அவ வீட்டு வேப்பமரம் தெரிஞ்சுது. அவ வீட்டைத் தாண்டித்தான் மத்த கெணத்துக்குப் போகணும். வாசல்ல நின்னு என்னையப் பாத்துட்டு உள்ள போயிட்டாள்னா?" துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "திரும்பிட்டேன்."

பிரேமலதாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு ஊரே கணக்கில் இல்லாமல் போய், ஆராய்ச்சியில் இப்படி ஒரு பொத்தல் விழுந்ததற்குக் காரணம் ஒரு மனிதர் வேப்பமரத்தைப் பார்த்துப் பயந்தது என்று எந்தக் கமிட்டியில் போய்ச் சொல்வாள்? ஆனால் ஓடைக்கரையில் காலிப் பாட்டிலோடு நின்ற அப்பாவை நினைத்ததும் கோபம் வர மறுத்துவிட்டது. பாவமாக இருந்தது. அப்பா என்றால் இப்படித்தான், வாய் மட்டும் பெரிது.

"நான் போறேன்" என்று எழுந்தாள்.

"நீ போனா மட்டும் பேசுவாளா?"

"தண்ணி வாங்கத்தானப்பா போறேன்."

வெயிலம்மாள் உள்ளேயிருந்து, "பாத்துப் பேசுட்டி" என்றாள். அவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சங்கரம்மாள் தன் வீட்டு வாசலில் விறகுக்குப் பருத்திமார்க் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிறைய நரைத்திருந்தது. உடம்பு வற்றியிருந்தது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், வா என்று சொல்லவில்லை.

"யாரு?"

"நான்தான் அத்தை. பிரேமா."

"எந்தப் பிரேமா?"

"ஒங்க அண்ணன் மக பிரேமா."

"எனக்கு ஏது அண்ணன்?" என்று சொல்லிவிட்டு அத்தை மறுபடி மாரை அடுக்கினாள். நாலைந்து மார் அடுக்குவதற்குள் நிமிர்ந்துவிட்டாள். "தலையில எண்ணெய் வைக்கதே இல்லையாட்டி? பரட்டையாக் கெடக்கு."

பிரேமலதா அழுதுவிடக் கூடாதே என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். வந்த விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள். ஊருக்குப் போர் போடப் போகிறார்கள், சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரைப் பார்த்துத்தான் இடம் சொல்ல வேண்டும், ஒரு பாட்டில் தண்ணீர் வேண்டும்.

அத்தை பாட்டிலை வாங்கவில்லை. "எங்க தண்ணி உப்புட்டி. கெணத்துக்குள்ள போர் எறக்குனதுலருந்து வருசா வருசம் ஏறுது. குடிக்கக் கேன் வாங்குதோம். சமையலுக்கு இதுதான், பருப்பு வேக மாட்டேங்குது. மாடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்புது. இதை வச்சு ஒனக்கு என்ன ஆகப்போகுது? நல்ல தண்ணி உள்ளவுககிட்டப் போயிக் கேளு."

"உப்பா இருந்தாலும் வேணும் அத்தை. நல்ல தண்ணி, கெட்ட தண்ணின்னு பாத்துக் கேக்கதில்ல. நீங்க பக்கத்துல இருக்கீங்க, அதுக்காகத்தான் கேக்கேன். பக்கத்துல இருக்கவங்கள விட்டுட்டுக் கணக்குப் போட்டா தப்பாத்தான் வரும்."

சங்கரம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதை ஒங்க அப்பன்கிட்டச் சொன்னியா?"

பிரேமலதா பாட்டில் மூடியைத் திருகினாள்.

"நீ எம் மகனைக் கட்டலன்னு எனக்குக் கோவம்னு ஊரெல்லாம் பேசுதாவ" என்றாள் அத்தை. "அவனே ஒன்னையக் கட்டமாட்டேன்னு குதிச்சவன். அது எனக்குத் தெரியாதா? எனக்கு அது இல்லட்டி. 'சங்கரு, இப்படி ஒரு எடம் வந்திருக்கு, நீ என்ன சொல்லுத'ன்னு ஒரு வார்த்தை கேக்கல. கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. எப்படி வந்துச்சு தெரியுமா? தபால்ல. இந்தா இருக்க ஓடையத் தாண்டித் தபால்ல வந்துச்சுட்டி! கூடப் பொறந்தவளுக்கு வெத்தலை பாக்கு வச்சுக் குடுக்க ஆளு வரல, தபால்காரன் வந்தான்."

இது பிரேமலதாவுக்குத் தெரியாது. அப்பாவே நேரில் போய்க் கொடுத்ததாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க அத்தை?"

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." அத்தை சட்டென்று சொன்னாள். "ஆனா கேட்டிருக்கணுமா இல்லையா?"

"கேட்டிருக்கணும்" என்றாள் பிரேமலதா.

அத்தை போய் மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் கலங்கல் தெளியும் வரை விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும், பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும் என்று பிரேமலதா சொன்னதும், பாட்டிலைப் பிடுங்கித் தானே அலசினாள். மாவுப் பானையை அலசுகிற மும்முரம் இருந்தது அதில். உப்பை அளக்கிற மீட்டரை நனைத்தால் எண் நாலாயிரத்தைத் தாண்டிப் போய் நின்றது. இரண்டாயிரத்துக்கு மேலே போனாலே குடிக்கக் கூடாத தண்ணீர். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. அத்தை தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் சுளிக்காமல் விழுங்கிவிட்டாள்.

"மத்த கெணத்துக்கும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தை முந்தானையை இடுப்பில் செருகினாள். "ராமசுப்பு மகள்னு நீ தனியாப் போனா, ஒங்க அப்பன் வாய்க்கு இங்கன எவனும் ஒரு சொட்டுத் தரமாட்டான்."

வெயில் தாழுவதற்குள் பொம்மக்காபட்டிக் கிணறுகள் எல்லாம் பாட்டிலில் ஏறிவிட்டன. சாப்பிட்டாயா என்று அத்தை கேட்கவில்லை. ஆனால் வண்டியைக் கிளப்பும்போது ஸ்கூட்டர் பையில் ஒரு கை வெள்ளரிப்பிஞ்சைத் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அப்பா வீட்டில் உட்கார்ந்தே பிரேமலதா கணக்கைத் திரும்பப் போட்டாள். இந்தத் தடவை வட்டத்தை ஓடை போகிற வாக்கில் நீளமாக இழுத்துவிட்டாள். ஓடையை ஒட்டித் தண்ணீர் வெகுதூரம் ஒரே மாதிரி இருந்தது, குறுக்கே போனால்தான் சீக்கிரம் மாறியது. நாலு பக்கமும் கேட்க ஆள் இருந்தது. கீழக்காட்டு இடம் உப்பு என்று வந்தது. ஐயமே வேண்டாம், உப்புத்தான். கணக்கில் இருந்த இழுவை போய்விட்டது. இத்தனைக்கும் அந்தச் சந்தேகம் குறைய அத்தை கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது அந்த இடத்தில் இருந்து, அதைக் கேட்டால் போதும். இதையே சொல்கிற சூத்திரத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிப் போட்டவள், அன்றைக்குத்தான் அது எவ்வளவு நல்ல சூத்திரம் என்று உணர்ந்தாள்.

நல்ல தண்ணீர் மேற்கே ஊருணிக்கரைப் புறம்போக்கில் காட்டியது.

"ஒங்க காடு வேண்டாம்பா" என்று அவள் சொன்னபோது அப்பாவின் முகம் வாடியது. கருவேல முள் குத்தின கையைத் தடவிக்கொண்டார். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, இனி டீக்கடைப் பக்கம் போக முடியாது. ஆனால் கேட்டது வேறு.

"சங்கரு கெணறு எவ்வளவு சொல்லுது?"

"நாலாயிரத்துக்கு மேல."

"அப்படின்னா?"

"பருப்பு வேகாதுப்பா."

"அந்தக் கெணத்தைப் பாத்துத்தானம்மா அவளைக் குடுத்தேன்" என்றார் ராமசுப்பு. "வேற எடமும் வந்துச்சு. நான்தான், கெணறு உள்ள வீடு, என் தங்கச்சி கொடத்தைத் தூக்கிட்டு அலையமாட்டாள்னு இதை முடிச்சேன். கையால அள்ளிக் குடிச்சுப் பாத்தேன். அம்புட்டு ருசி." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "சண்டை போட்டாலும், கெணறு இருக்கு, அவளுக்கு என்ன கொறைன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன். அந்தத் தண்ணியிலயா அவ பொங்கித் திங்கா?"

வெயிலம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் எழுந்து காட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

நல்லக்கண்ணு நல்லவர். கடைசி நேரத்தில் இடத்தை மாற்றச் சொன்னதற்குக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "சொன்னது நான்தான், மாட்டிக்கிட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். போர் வண்டி வந்து ஊருணிக்கரையில் நின்றபோது ஊரே கூடிவிட்டது. முதலில் கரும்புழுதி, பிறகு சாம்பல் புழுதி, அப்புறம் வெள்ளைச் சேறு. பிரேமலதா மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டாள். கணக்கு தப்பாகப் போவதற்கும் உரிமை உண்டு என்று வகுப்பில் சொல்லிவிடலாம். பாட்டி முதல் பிள்ளை வரை குடத்தோடு நிற்கிற இடத்தில் சொல்ல முடியாது. தண்ணீர் பீறிட்டு, தெளிந்து, நல்லக்கண்ணு ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். திறந்தார். "கல்கண்டு!" என்று கத்தினார். மீட்டரைக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அவள்தான் ஒரு ஓரமாகப் போய் நனைத்துப் பார்த்தாள், அறுநூற்றுச் சொச்சம். அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்தில் ராமசுப்பு இரண்டு பெரிய கேன்களைக் கொண்டுவந்து நிரப்பினார். டி.வி.எஸ். வண்டியின் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எங்க போறீய?" என்றாள் வெயிலம்மாள்.

"வாரேன்" என்றார், அவ்வளவுதான். பிரேமலதா ஸ்கூட்டரில் பின்னாலேயே போனாள்.

ஓடைக்கரை வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தினார். எதிரே வேப்பமரம் தெரிந்தது. அவள் பின்னாலிருந்து ஹாரன்கூட அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டியை மணலில் இறக்கினார். கேன் பாரத்தில் சக்கரம் பாதி ஓடையில் புதைந்து நின்றுவிட்டது. பிரேமலதா ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளினாள். இருவரும் வேர்த்து விறுவிறுத்து, மணலும் சேறுமாக அத்தை வாசலில் போய் நின்றார்கள்.

சங்கரம்மாள் வெளியே வந்தாள். அண்ணனைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை.

"ஏட்டி, இது என்ன தண்ணி?" என்று அண்ணன் மகளிடம் கேட்டாள்.

"புதுப் போர்த் தண்ணின்னு சொல்லும்மா" என்றார் ராமசுப்பு மகளிடம். தங்கைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டுதான்.

"எதுக்கு இங்கன கொண்டுட்டு வாராவளாம்? எங்களைக் கேட்டா போட்டாவ?"

பிரேமலதா வாயைத் திறப்பதற்குள் ராமசுப்பு முன்னால் வந்துவிட்டார்.

"ஒன்னக் கேட்டுட்டுத்தான் சங்கரு போட்டோம்."

சங்கரம்மாள் ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒன் கெணத்தைக் கேட்டோம். என் காட்டுல போடாதேன்னு சொல்லிச்சு. போடல." கேன் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார், முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது. "அன்னைக்கும் கேட்டிருக்கணும். நீ வேண்டாம்னுருவியோன்னு பயந்துட்டேன். வேண்டாம்னு நீ சொல்லிட்டா அதை மீறி எனக்கு நடத்தத் தெரியாது. அதான் தபால்ல போட்டேன்."

அத்தை அவர் கையை ஒதுக்கிவிட்டு முடிச்சைத் தானே அவிழ்த்தாள். கேனைத் தரையில் இறக்கி, மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தாள். அழுகை வந்துவிட்டது. குடித்த வாயோடு அழுதாள், துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"வேண்டாம்னு சொல்லியிருந்தாலும், முன்னால நின்னு நான்தானண்ணே நடத்தியிருப்பேன்" என்றாள்.

பிரேமலதா இருவரையும் பார்க்காமல் ஒரு கேனைத் தூக்கப் போனாள், அது அசையவில்லை.

"அதை வைட்டி, வயித்தைப் பிடிச்சுக்கிடும்" என்று அத்தை அதட்டினாள். கேனின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்து, "அந்தப் பக்கம் பிடி" என்றாள். "பருப்புப் போடுதேன். இருந்து சாப்பிட்டுட்டுப் போ."

ராமசுப்பு செருப்பைக் கழற்றினார்.